தாழ்ப்பாள் போடாத சிஸ்டர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தினமும் காலையில் கட்டில் பக்கம் வந்து சொல்லத்தான் செய்தார். நானும் ஒருமுறை திருப்பிச் சொல்வேன். மதியச் சாப்பாடு வருவதற்குள் அது போயிருக்கும். இதயம் நின்று, மூளைக்கு ரத்தம் போகாமல் நான் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், புதுப் பெயர்களை வைத்துக்கொள்ளும் இடம் கெட்டுப்போய்விட்டது. பழைய பெயர்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாம் வகுப்பில் என் பலப்பத்தைத் திருடியவன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மனைவி தேவியைக் கேட்டால் சிஸ்டரின் பெயரை இப்போதே சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ நர்ஸ்கள் இருந்தார்கள். வெறுமனே சிஸ்டர் என்றால் அவர் ஒருவர்தான்.

குள்ளமான உருவம். வேகமான நடை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நர்ஸ் வேலைக்காகச் சென்னைக்கு வந்து தண்டையார்பேட்டையிலேயே தங்கிவிட்டவர். ஊரை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’ அவரை விட்டுப் போகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக் காவலிருந்த காசிமேட்டு அம்மா, “இன்னா சிஸ்டர், இப்டிக்கா வந்துட்டுப் போ” என்று கூப்பிட, இவர் “இந்தா வாரேன் மக்கா” என்று பதில் சொல்ல, இரண்டு பேரும் தங்கள் தங்கள் தமிழிலிருந்து ஓர் அங்குலம் இறங்கிவராமல் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எந்தக் கதவையும் முழுதாகச் சாத்த மாட்டார். மருந்து அறை, பிஸியோ ஹால், டாக்டர்கள் உட்காரும் அறை, எதுவாக இருந்தாலும் உள்ளே போனதும் காலியான மருந்து அட்டைப்பெட்டி ஒன்றை மடித்துக் கதவுக்கு அடியில் செருகிவிடுவார். ஏசி வீணாகிறது என்று இருதய டாக்டர் சத்தம் போடுவார். சிஸ்டர் “சரி டாக்டர்” என்பார். அட்டை அங்கேயே இருக்கும். வீட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாதாம். தேவிதான் ஒருநாள் கேட்டாள்.

“இன்னா சிஸ்டர், தனியா கீறே, தாப்பா போடாம தூங்குவியா? திருடன் வந்தா?”

“வரட்டுமே. ஒரு ஆளு வருதுல்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கதவு சாத்தியிருந்தால்தான் பிடிக்கும்.

நான் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டியவன். திருவொற்றியூர் தாண்டி இருந்தது எங்கள் யார்டு. ஏணியில் ஏறி மேலே போனால் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஷிப்ட் முடியும்வரை இறங்க வேண்டாம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் எண்ணூர்ப் புகைபோக்கிகள், கீழே டிரெய்லர்களின் வரிசை. மனிதர்கள் எல்லோரும் கட்டைவிரல் அளவில் தெரிவார்கள். அந்த அளவில் இருந்தால்தான் எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். “நீ அந்தக் கிரேனையே கட்டிகினு இருந்திருக்கலாம்யா” என்று கல்யாணமான நாளிலிருந்து தேவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை.

அன்றைக்கு ஷிப்ட் முடித்து இறங்கி வந்து கேட் பக்கத்து டீக்கடையில் நின்றவன் அப்படியே சாய்ந்துவிட்டேனாம். இதை ‘ஆம்’ போட்டுத்தான் என்னால் சொல்ல முடியும். அங்கிருந்த டிரெய்லர் டிரைவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் என் நெஞ்சை அமுக்கியிருக்கிறார்கள். விலா எலும்பு உடையும் அளவுக்கு அமுக்கினார்கள். ஒருவனுக்குக் கை ஓய்ந்தபோது அடுத்தவன் இருந்தான், அதனால் உயிர் தங்கியது. ஆம்புலன்ஸில் ஷாக் கொடுத்து, ராயபுரத்து ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து, மூச்சுக்குக் குழாய் போட்டு, உடம்புச் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டு, எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள். நாட்கள் கழித்து நான் கண் விழித்துத் தேவியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “பொட்டி எறக்கியாச்சா?” என்பதாம். யார்டில் கன்டெய்னருக்குப் பெயர் பொட்டி. அவள் அழுதுகொண்டே “எறக்கியாச்சுய்யா” என்றாளாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மச்சான் கேட்டான், யார்டு ஆட்கள் கேட்டார்கள், ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனவன் லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டான். “மாமு, அந்தாண்ட போய்ட்டு வந்துகீறியே, இன்னா தெரிஞ்சுது?” வெளிச்சம், சுரங்கம், செத்துப்போன அப்பா என்று ஏதாவது சொன்னால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். “ஒண்ணும் தெர்ல” என்றால் முகம் விழுந்துவிடும். ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். கொஞ்ச நாளில் வருவதையும் குறைத்துக்கொண்டார்கள். சிஸ்டர் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்.

மற்ற கேள்விகளை அவர் விட்டுவைக்கவில்லை. அவர் குணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், அது அவர் வாயிலிருந்து வருவதுதான்: “இன்னும் யாருட்ட கேக்கல?”

டீ விஷயத்தைச் சொன்னால் புரியும். மூச்சுக்குழாயை எடுத்த பிறகும் எனக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. மூக்கில் ஒரு குழாய், அதன் வழியாகச் சாப்பாடு. தேவி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள், எனக்கு வாசனை மட்டும். ஒருநாள் கத்திவிட்டேன். “டீ குட்றீ. இல்லாங்காட்டி நா கெளம்பிப் போய்கினே இருப்பேன்.” எங்கே கிளம்புவது? எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டிய நிலைமை.

சிஸ்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். இருதய டாக்டர், தன் பங்கில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை என்றார். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண், தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், பவுடர் கலந்து கெட்டியாக்கித்தான் தரவேண்டும் என்றாள். பிஸியோ பிரகாஷ், பலப்பம் திருடியவன் பெயரே இவருக்கும் என்பதால் எனக்கு மறக்காத பெயர், வியாசர்பாடிக்காரர், பருத்த மனிதர், என்னை நிமிர்த்தி உட்காரவைத்து மோவாயைக் கீழே தாழ்த்தச் சொல்ல வேண்டும் என்றார். சர்க்கரை எவ்வளவு என்று சொல்ல ஒரு அம்மா. நான் என்ன பெண் பார்க்க வந்த வீட்டுப் பலகாரமா, ஆளாளுக்குச் சுற்றி நின்று பார்க்க?

“ஒரு டீக்கு இன்னா சிஸ்டர் இவ்ளோ பெரிய பஞ்சாயத்து? நாயர் கடைல கேட்டா குட்த்துட்டுப் போறான்.”

“குடுப்பான் கிரேன்காரரே. அது நெஞ்சுக்குள்ள எறங்கி சளி கட்டுனா அவனா வந்து உறிஞ்சி எடுப்பான்?” என்றவர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பஸ்ஸில் கண்டக்டர் தலை எண்ணுவதுபோல ஒவ்வொருவரையும் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். “இன்னும் யாருட்ட கேக்கல?”

விரல் என் முன்னால் வந்து நின்றது.

“இவருட்ட கேக்கல. சொல்லுங்க. இஞ்சி போடணுமா, ஏலக்காயா?”

“இஞ்சி” என்றேன்.

கஞ்சி பதத்தில் ஸ்பூன் ஸ்பூனாக வந்தது. “கலீஜா கீது” என்று சொல்லிக்கொண்டே கடைசி ஸ்பூன்வரை உள்ளே தள்ளினேன். அதைக் குடித்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது, அவர் ஏன் இப்படி ஆள் சேர்க்கிறார் என்று. என் உடம்பில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சாய்ந்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையால் எழுந்து நின்றால் கிறுகிறுத்தது. நான் நடக்க மறுத்தேன். பிரகாஷ் என்னைச் சோம்பேறி என்று நினைத்தார். தூக்கத்துக்குக் கொடுத்ததால் விழுங்குவது மந்தமானது. விழுங்கும் பெண் கவலைப்பட்டாள். ஒவ்வொருவரும் தன் இடத்தில் சரியாகத்தான் செய்தார்கள். எல்லாச் சரியும் சேர்ந்து என்னைப் படுக்கவைத்தது. சிஸ்டர்தான் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்படியும் போதாமல் வியாழக்கிழமைதோறும் பிஸியோ ஹாலில் ஸ்டூல்களை வட்டமாகப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்தார். அந்த வட்டத்தில் எனக்கும் தேவிக்கும் இரண்டு ஸ்டூல். கதவுக்கு அடியில் அட்டை.

தனியாகச் சாப்பிடவும் அவரால் முடியாது. டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு யார் சாப்பிடுகிறார்களோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். யாரும் இல்லாவிட்டால் டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அதை நான் அப்போது ஒரு அசட்டுத்தனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கிரேன். திரும்பவும் அந்தக் கூண்டில் ஏறி உட்கார வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி, தகுதியானவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நடந்தேன், படி ஏறினேன், இருதயம் நன்றாகத் துடிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது என் கை. சும்மா மடியில் வைத்திருந்தால் சாதுவாக இருக்கும். எதையாவது எடுக்கப் போனால், சரியாக அந்த நேரத்தில், வெட்டிவெட்டி உதறும். டம்ளரை எடுத்தால் பாதி தரையில். இது மூளை பட்டினி கிடந்ததன் மிச்சம் என்று பிற்பாடு நரம்பு டாக்டர் சொன்னார். அப்போது அவருக்கே தெரியாது, ஏனென்றால் நான் காட்டவில்லை. அவர் வரும்போது தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொள்வேன். கையை நீட்டுங்கள் என்றால் மெதுவாக நீட்டி, மூச்சை அடக்கி, சட்டென்று மடக்கிக்கொள்வேன். தேவிக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். ஒருவனுடைய பிழைப்பு அவனுடையது. அதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

நான் கிரேன் ஏறலாமா என்று பேசிய அந்த வாரத்து வட்டத்தில் எல்லோரும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டர் விரலால் தலை எண்ணிக்கொண்டு வந்தார்.

“இன்னும் யாருட்ட கேக்கல?” விரல் தேவியிடம் நின்றது. “தேவிம்மா, நீங்க சொல்லுங்க. இவரு மேல ஏறுனா ஒங்களுக்குத் தைரியமா இருக்குமா?”

தேவி தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள்.

“அவருக்கு இஸ்டம்னா… போட்டும் சிஸ்டர்.”

“இஷ்டத்தக் கேக்கல. தைரியத்தக் கேட்டேன்.”

சிஸ்டர் கொஞ்சநேரம் காத்திருந்தார். “சரி, அடுத்த வியாழக்கிழமை பாப்போம்” என்று ஸ்டூலைத் தூக்கி அடுக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டூலை எடுத்து வீச வேண்டும்போல் இருந்தது. தூக்கினால் கை உதறும் என்பதால் சும்மா இருந்தேன்.

“இன்னா சிஸ்டர், பேஜாரு பண்றே? நா தனியா ஓட்டுற வண்டி. எவனுக்கும் தொல்ல இல்ல.”

“தனியாவா? பொட்டி கீழ சரியா உக்காருதா இல்லையான்னு ஒங்களுக்கு மேலருந்து தெரியுமா?”

“கீழ சிக்னல்மேன் வாக்கிடாக்கில சொல்லுவான்.”

“அப்ப ரெண்டு பேருல்லா ஓட்டுதீய” என்றார். பிறகு குரலை இறக்கினார். “அன்னைக்கு மேல இருக்கும்போது ஒங்களுக்கு நெஞ்சு நின்னிருந்தா யாரு வந்திருப்பா, யோசிச்சியளா?”

நான் யோசிக்கவில்லை. யோசிக்கவும் விரும்பவில்லை.

ஒரு வாரம் இருந்தது. கையைப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். எல்லோரும் சாப்பிடப் போகும் மதிய நேரமாகப் பார்த்து வார்டு பாத்ரூமுக்குள் போவேன். நோயாளிகள் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. நான் போடுவேன். பிளாஸ்டிக் மக்கில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, கிரேன் லீவரைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்து, கொட்டாமல் நெஞ்சுவரை தூக்க வேண்டும். அதுதான் பயிற்சி. முதல் நாள் முழுக்கக் கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் மிஞ்சியது, அல்லது மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எனக்கு நிம்மதியாக இருந்த இடம் அந்தப் பாத்ரூம் ஒன்றுதான். கேள்வி கேட்க யாரும் இல்லை.

புதன்கிழமை மதியம், மக்கைத் தூக்கும்போது கையோடு சேர்ந்து காலும் உதறியது. ஈரத்தரை வேறு. சுவருக்கும் பேசினுக்கும் நடுவில் விழுந்தேன். விலாவில் உயிர் போகிற வலி. தலையில் அடி இல்லை, நல்ல நினைவோடுதான் இருந்தேன். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. யாரும் வருவதற்குள் எழுந்துவிடலாம் என்று சுவரைப் பிடித்தபடி கிடந்தேன்.

நான் விழுந்த சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும், கதவு அசைந்தது. தாழ்ப்பாள் தடுத்தது.

பிறகு கதவை யாரோ இரண்டு கையாலும் அறைய ஆரம்பித்தார்கள். “தொறங்க! தொறங்க!” அது சிஸ்டர் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிறவர் அன்றைக்கு ஒருவரையும் கூப்பிடவில்லை. பிரகாஷையோ டாக்டரையோ கத்திக் கூப்பிட்டிருந்தால், பத்தடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்திருப்பார்கள். அவர் தோளால் இடித்தார், காலால் உதைத்தார், தனியாகவே அந்தக் கதவோடு மல்லுக்கு நின்றார். நான் “உசுரோட கீறேன், சிஸ்டர், கீறேன்” என்று முனகியது அவர் காதில் விழவேயில்லை.

சத்தம் கேட்டுப் பிரகாஷ் ஓடிவந்து ஒரே உதை. பிளாஸ்டிக் கதவு வளைந்து தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டது. சிஸ்டர் உள்ளே பாய்ந்து என் பக்கத்தில் மண்டி போட்டார். நான் கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறேன், வலியில் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நாடி பிடிக்கவில்லை. ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து என் நடுநெஞ்சில் ஊன்றி அமுக்கத் தொடங்கிவிட்டார். ஆறாத விலா எலும்பில் அந்தக் கை இறங்கியபோது நான் போட்ட கூச்சல் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

“சிஸ்டர்! மூச்சு கீது சிஸ்டர்! அவரு பேசிகினு கீறாரு பாருங்க!” பிரகாஷ் அவர் மணிக்கட்டுகளைப் பிடித்து இழுத்தார். கையை எடுக்க அவர் விடவில்லை. பிரகாஷ் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பலத்தோடு இழுக்க வேண்டியிருந்தது.

கை பிரிந்ததும் அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். என் கையைவிட மோசமாக உதறிக்கொண்டிருந்தன. எழுந்து, கசங்கிய உடுப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் விலாவுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே பிரகாஷ் சொன்னார். கட்டிலின் அந்தப் பக்கம் தேவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிஸ்டரின் கணவர் ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மதியத் தூக்கத்துக்காகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அவருக்கு இதயம் நின்றுவிட்டது. சிஸ்டர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார், கத்தினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். ஆனால் கதவு உள்ளே தாழ். பழைய காலத்துத் தேக்குக் கதவு. வெளியே இருந்தவர்கள் “தொறங்க, தொறங்க” என்று கத்துகிறார்கள். இவர் உள்ளே இருந்து “ஒடைங்க, ஒடைங்க” என்கிறார்.

“நாலு எட்டு வெச்சா தாப்பா” என்றார் பிரகாஷ். “கைய எடுத்துட்டுப் போயி தொறந்திருந்தா ஆளுங்க உள்ள வந்திருப்பாங்க. மாத்தி மாத்தி அமுக்கியிருப்பாங்க, வண்டிக்குத் தூக்கினு போயிருப்பாங்க. ஆனா கைய எடுத்தா அந்த நேரம் அவருக்கு ரத்தம் போவாது. நர்ஸு இல்லியா, அது தெரியும். எடுக்கல. கதவ ஒடைக்கிற வரைக்கும் எடுக்கல. அதுக்குள்ள கை ஓஞ்சு போச்சு, எல்லாம் முடிஞ்சு போச்சு.”

“எட்த்திருந்தா பொழச்சிருப்பாரா?” என்று தேவி கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் எல்லாரையும் கேக்குறாங்க இல்ல, அத மட்டும் இன்னிவரிக்கும் யாரையும் கேட்டதில்லம்மா.”

பிரகாஷ் போன பிறகு தேவி போர்வையை இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சிஸ்டர் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார். வழக்கம்போல ஸ்டூல்களை வட்டமாகப் போட்டார், கதவுக்கு அட்டை செருகினார். என் பக்கம் அவர் பார்வை வரவில்லை. எல்லோரும் பேசி முடித்தார்கள். குரல் கொஞ்சம் கம்மியாக வந்தது: “இன்னும் யாருட்ட கேக்கல?”

விரல் தேவியை நோக்கித் திரும்புவதற்கு முன்னால் நான் பிரகாஷின் ஸ்டூல்மேல் இருந்த டீ டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டினேன். எடுத்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று நெஞ்சுவரை தூக்கினேன். தூக்கியதில் பாதி நரம்பு டாக்டரின் பேன்ட்டில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தேவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நரம்பு டாக்டர் ஈரத்தைத் துடைக்கக்கூட இல்லை, ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்தார். உதறலை அடக்க மாத்திரை உண்டு, ஆனால் அது தூக்கத்தைக் கொடுக்கும் என்றார். தூங்கினால் விழுங்குவது கெடும் என்றாள் விழுங்கப் பயிற்சி தரும் பெண். காலையில் கொடுக்காமல் இரவில் கொடுத்தால் என்ன என்றார் இருதய டாக்டர். நடக்கும்போது தடுமாறினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் பிரகாஷ். கொஞ்சத்தில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவானது. என் கையை நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசிய அந்த நேரம் முழுக்க சிஸ்டர் தரையில் சிந்திய டீயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிரேன் போயிற்று. வட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள், உயரத்தில் வேலை கூடாது, தரையில் தரலாம் என்று. யார்டில் என்னை வாக்கிடாக்கி கொடுத்துக் கீழே உட்காரவைத்தார்கள். மேலே இருக்கும் புதுப் பையனுக்கு, இன்னும் கொஞ்சம் இடது, மெதுவாக இறக்கு என்று சொல்ல வேண்டும். மாத்திரையில் கை பரவாயில்லை. டம்ளரில் அரை டீ வாங்கிக் குடிக்கிறேன். நான் மேலிருந்து பார்த்தபோது கட்டைவிரல் அளவில் இருந்த மனிதர்கள் இப்போது என் அளவிலேயே இருக்கிறார்கள், அது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. டீக்கடையில் என்னைச் சுற்றி நிற்பார்கள். நெஞ்சை அமுக்கிய டிரைவர்களும் அதில் இருப்பார்கள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. செத்துப் பிழைத்தவனோடு சாதாரணமாகப் பேச யாருக்கும் வருவதில்லை.

சில வருஷம் கழித்து பிரகாஷ் போன் பண்ணினார். சிஸ்டர் ரிட்டயர் ஆகிவிட்டார், ஊரில் அக்கா மகள் வீட்டோடு போகப்போகிறார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தேவியும் காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனோம். மாடியில் ஒற்றைப் போர்ஷன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்திருந்தது தெரிந்தது.

சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டிவைக்கப்பட்டிருந்தன. சிஸ்டர் நடுவில் ஒரு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் விழித்து, வாசலில் எங்கள் உருவத்தைப் பார்த்தவர் பாதித் தூக்கத்தில் சொன்னார்:

“வந்துட்டியளா? கதவு தொறந்துதான இருக்கு.”

பிறகு நாங்கள்தான் என்று தெரிந்து எழுந்தார். “வாங்க கிரேன்காரரே, வாங்க தேவிம்மா” என்று பரபரத்தார். தேவி மீனை ஆய்வதற்குப் பின்பக்கம் போனாள். சிஸ்டர் எனக்கு இஞ்சி டீ போட்டு, கேட்காமலே அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மாத்திரை அளவைக் கேட்டார். சொன்னேன்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார். “இத்தன நாளு கேக்கல. ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்.”

“கேளு சிஸ்டர்.”

“எல்லாரும் கேப்பாங்களே, அதான். நீங்க அங்க இருந்தப்ப… தனியா இருக்கமாதிரி இருந்துச்சா? யாருமே வரலையேன்னு தோணுச்சா?”

வேறு யார் கேட்டிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவருக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே தேடினேன். வெளிச்சம் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

“ஒண்ணுமே இல்ல சிஸ்டர். தனியா கீறோம்னு நெனைக்கக்கூட அங்க ஆளு இல்ல. நா இல்லவே இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். உள்ளங்கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். சுமை ஒன்று இறங்கியதுபோலவும் இருந்தது, அதே இடத்தில் இன்னொன்று ஏறியதுபோலவும் இருந்தது.

“அப்ப எங்க வீட்டுக்காரரு தனியா இல்ல” என்றார். கதவுப் பக்கம் பார்த்தார். “நான் மட்டுந்தான் இருந்திருக்கேன்.”

பின்பக்கம் தேவி செதில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உதறும் கையோடேயே நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சோறு பொங்கி, குழம்பு வைத்து, மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.